மாப்பிள்ளை வீட்டு வம்சாவளி: அயர்லாந்தின் பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி

மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் பாஸ்டனில் இருந்தேன். மாப்பிள்ளை அமெரிக்கர்தான், ஆனால் அயர்லாந்து வம்சம். அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தி, ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, தன் பாட்டி டீலியா கெல்லி அயர்லாந்தின் கால்வே கவுண்டியிலிருந்து சின்ன வயதில் கப்பல் ஏறி வந்தவர், பணக்கார வீடுகளில் வேலை பார்த்தவர், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, அங்கே ஆவணம் எல்லாம் எரிந்துபோய்விட்டதாம் என்று சொன்னார். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவளிடம் "எல்லாம் எரிந்துபோச்சு" என்றால் சும்மா இருப்பேனா? பேத்தி தூங்குகிற நேரமெல்லாம் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து, டீலியாவின் அப்பா அம்மா, தாத்தா, அவர்கள் வீட்டு முன்பக்கத்தில் எத்தனை ஜன்னல் என்பது வரை எடுத்துவிட்டேன். அயர்லாந்து மருமகனோ மருமகளோ வந்த நம் வீடுகள் இப்போது குறைவில்லை. அவர்களில் சிலர் எப்படி என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எரிந்தது உண்மைதான். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பற்றியது. 1821, 1831, 1841, 1851 சென்சஸ் தாள்கள் கிட்டத்தட்ட முழுவதும் போயின. உயில்கள் போயின. அரசு சபையாக இருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்தின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. 1861, 1871 சென்சஸைத் தீ தொடவில்லை, எடுத்த கொஞ்ச காலத்திலேயே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர் நேரத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கிவிட்டார்கள். கோபப்பட்டு என்ன பயன்? தப்பியது என்ன என்று பார்ப்போம். கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அரசிடம் போகாமல் அந்தந்தக் கோயில் அலமாரியிலேயே கிடந்ததால் தப்பின. பிறப்பு, இறப்புப் பதிவுகள் வேறு கட்டடத்தில் இருந்தன, தப்பின. நில மதிப்பீட்டுப் புத்தகங்கள் தப்பின. 1901, 1911 சென்சஸ் முழுசாகத் தப்பின. சாதாரண விவசாயக் குடும்பம் ஒன்றை 1820, 1830 வரை கொண்டுபோக இவ்வளவு போதும். அதற்குமேல் போக முடிந்தால் அதிர்ஷ்டம்.

ஊர் தெரியாமல் கடல் தாண்டாதீர்கள்

எல்லோரும் செய்கிற தவறு, பெயரை அடித்துத் தேடுவது. கால்வேயில் கெல்லி என்று தேடுவது நம்மூரில் முருகன் என்று தேடுவது மாதிரி. டீலியாவின் பதிவுப் பெயர் பிரிஜெட், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பிரிஜெட் கெல்லி, பிறப்பு 1870-களில், கால்வே என்று போட்டால் பக்கம் பக்கமாக வரும். நாம் யாரைப் பார்த்தாலும் முதலில் "எந்த ஊர்?" என்றுதானே கேட்கிறோம், அதே கேள்விதான் இங்கேயும். அயர்லாந்தில் ஊர் என்பது டவுன்லாண்ட். பெயரில்தான் டவுன், உண்மையில் பத்து இருபது வீடும் அதைச் சுற்றிய நிலமும். தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் டவுன்லாண்டுகள். பல டவுன்லாண்டுகள் சேர்ந்து ஒரு சிவில் பாரிஷ், அதற்கு மேலே பாரனி, அதற்கு மேலே கவுண்டி. 32 கவுண்டி. பூர் லா யூனியன், அதாவது ஏழைகள் நிவாரணத்துக்காகப் பிரித்த வட்டாரம், என்று இன்னொரு பிரிவு குறுக்கே ஓடும், அது கவுண்டி எல்லையை மதிக்காது. பாலினஸ்லோ யூனியன் கால்வேயிலும் உண்டு, ராஸ்காமனிலும் உண்டு. பிறப்பு, இறப்பு பதிவானது இந்த யூனியன் கணக்கில். இதெல்லாம் போதாதென்று கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு கோயிலுக்கு உரிய வட்டாரத்தின், எல்லை வேறு, சிவில் பாரிஷின் எல்லை வேறு. முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. ஒரே பெயர் பல இடத்தில் வருவதும் உண்டு, கில்ப்ரைட் என்று எத்தனை கவுண்டியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், தெரியும்.

ஊரை அயர்லாந்தில் தேடக்கூடாது, குடியேறிய நாட்டில் தேட வேண்டும். அமெரிக்காவென்றால் கல்லறைக் கல், பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பு, கோயில் திருமணப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம். இதில் 1906-க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களை நம்பி ஏமாறாதீர்கள், பெரும்பாலும் "அயர்லாந்து" என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுவார்கள். பாஸ்டன் பக்கம் குடியேறியவர் என்றால் 'பாஸ்டன் பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த "காணாமல்போன நண்பர்கள்" விளம்பரங்களைக் கட்டாயம் பாருங்கள். தொலைந்துபோன தம்பியை, கணவனைத் தேடி அக்கா, மனைவி கொடுத்த விளம்பரங்கள். பாரிஷ், டவுன்லாண்ட் வரை எழுதியிருப்பார்கள். பாஸ்டன் கல்லூரி அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு அதைப் படித்துக்கொண்டே இருந்துவிடலாம், அவ்வளவு துயரம் அதில். நியூயார்க் என்றால் எமிகிரன்ட் சேவிங்ஸ் வங்கியின் பழைய கணக்குப் புத்தகங்கள். கணக்கு வைத்தவரை அடையாளம் காண்பதற்காக, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வந்த கப்பல் எல்லாம் கேட்டு எழுதிவைத்தார்கள். ஆஸ்திரேலியா போனவர் என்றால் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இறப்புச் சான்றுகளைப் பாருங்கள், பெற்றோர் பெயர் இருக்கும்.

உங்கள் ஆளிடம் ஊர் கிடைக்கவில்லையா, அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, சித்தப்பா பிள்ளைகளைத் துரத்துங்கள். டீலியாவின் ஒரு தாளிலும் ஊர் இல்லை. ஆனால் அவருடைய கடைசித் தம்பியும் பின்னால் பாஸ்டன் வந்திருந்தார். முதல் உலகப்போர் நேரத்தில், 1917 ஜூன் 5 அன்று, அமெரிக்காவில் 21 முதல் 30 வயது ஆண்கள் எல்லோரையும் ராணுவத்துக்குப் பதிவு செய்தார்கள் அல்லவா, அந்த அட்டையில் "எங்கே பிறந்தீர்கள்" என்று ஒரு கேள்வி. அங்கே கால்வேக்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது, எழுத்துப்பிழையோடு. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். லாகின்ம் என்கிற ஊர்ப்பெயர்த் தளத்தில் உச்சரிப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் பிடிபட்டது. ஊர்ப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, அங்கே இன்னும் அவர்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

பெயரும் வயதும் சொல்கிற பொய்கள்

டீலியா என்ற பெயரில் பிறப்புப் பதிவே இருக்காது. டீலியா என்றால் பிரிஜெட். பிரிஜெட்தான் பிரைடி, பிடி, டீலியா எல்லாம். அமெரிக்காவில் பிரிஜெட் என்றாலே வேலைக்காரி என்று கேலி செய்ததால் பலர் டீலியா ஆகிவிட்டார்கள். ஹனோரா என்றால் நோரா, எலன் என்றால் ஹெலனும் நெல்லியும், ஜெரமையா என்றால் டார்பி. கோயில் பதிவேட்டுக்குள் போனால் இவர்கள் லத்தீனாகிவிடுவார்கள்: ஜேம்ஸ் யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ், ஓவன் யூஜேனியுஸ். குடும்பப் பெயரில் ஓ, மெக் முன்னொட்டு வரும், போகும், அண்ணனுக்கு இருக்கும், தம்பிக்கு இருக்காது. மெக் கவன் குடும்பம் திடீரென்று ஸ்மித் ஆகும், ஏனென்றால் அந்த ஐரிஷ் பெயருக்குக் கொல்லன் மகன் என்று பொருள், ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துவிட்டார்கள். அதனால் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நட்சத்திரக் குறி போட்டுப் பாதிப் பெயரில் தேடுங்கள்.

வயதா, அதைப் பற்றிக் கேட்காதீர்கள். டீலியா 1900 அமெரிக்க சென்சஸில் 22. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணத்தில் 23. உண்மையில் அப்போது 28. ஐந்து வருஷம் முன்பின்னாகத் தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பேர் வைக்கிற வழக்கம் ஒன்று நமக்குக் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். தாத்தா பெயரைச் சுமப்பதால்தானே நாமும் பெயரன், பேரன் என்கிறோம், அதனால் நமக்கு இது உடனே புரியும். எல்லாக் குடும்பமும் இதைக் கடைப்பிடிக்கவில்லை, சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. துப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

1911 தாளிலிருந்து பின்னோக்கி

ஊர் கிடைத்தவுடன் நேராக 1901, 1911 சென்சஸுக்குப் போங்கள். அயர்லாந்து தேசியக் காப்பகத் தளத்தில் இரண்டும் இலவசம், கையெழுத்துத் தாளின் படத்தோடு. "எங்கள் ஆள் 1893-லேயே கிளம்பிவிட்டார், 1901-இல் என்ன இருக்கும்?" என்று விட்டுவிடாதீர்கள். அப்பா அம்மா அங்கேயே இருப்பார்கள், கடைக்குட்டிகள் இருப்பார்கள். 1911 தாள் இன்னும் தங்கம், ஏனென்றால் கல்யாணமான பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்டார்கள்: கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை. டீலியாவின் அம்மா பெயருக்கு நேரே 42, 11, 9. பாஸ்டனில் ஐந்து பேரைத்தான் இவர்களுக்குத் தெரியும். மீதி நாலு பேர் எங்கே என்று சம்பந்தி அன்று இரவு தூங்கவில்லையாம்.

குடும்பத் தாளோடு நிறுத்தாமல் பி1, பி2 படிவங்களையும் திறந்து பாருங்கள். பி1-இல் வீட்டுச் சுவர் கல்லா மண்ணா, கூரை ஓலையா கல் ஓடா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல், நிலம் யார் பெயரில் என்று இருக்கும். பி2-இல் தொழுவம், பன்றிக்கொட்டில், கோழிக்கொட்டில் வரை எண்ணியிருப்பார்கள். கல் சுவர், வைக்கோல் கூரை, மூன்று ஜன்னல், ஒரு தொழுவம், ஒரு பன்றிக்கொட்டில். பதினோரு பிள்ளை பிறந்த வீடு.

அப்பா ஜானின் வயதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். 1901-இல் 56. பத்து வருஷம் கழித்து 71. அவசரமாக மூப்படைந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1909 ஜனவரியிலிருந்து 70 வயது ஆனவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் முதியோர் பென்ஷன். 1864-க்கு முன் பிறந்த கத்தோலிக்கருக்குப் பிறப்புச் சான்றே கிடையாது, ஆகவே ஊர் முழுக்க ஒரே நாளில் கிழடாகிவிட்டது. 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும் புயல் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியே வயதை நிரூபித்தவர்கள் உண்டு. இந்தக் கூத்தில் நமக்கு ஒரு லாபம்: வயதைச் சரிபார்க்க அதிகாரிகள் அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 சென்சஸைப் புரட்டி எழுதிவைத்த தேடல் படிவங்கள் இன்றும் இருக்கின்றன, தேசியக் காப்பகத் தளத்திலேயே இலவசம். எரிந்துபோன ஒரு வீட்டின் அப்பா, அம்மா பெயர் அதில் மாட்டலாம். ஜானுக்கு மாட்டவில்லை. ஆனால் அவருடைய ஞானஸ்நானம் 1843 என்று பின்னால் கிடைத்தது, ஆக 1911-இல் மனிதருக்கு 68.

அடுத்தது பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. கத்தோலிக்கர் அல்லாதாரின் திருமணங்கள் 1845 ஏப்ரலிலிருந்து, மற்ற எல்லாமே 1864 ஜனவரியிலிருந்து. ஐரிஷ் ஜீனியாலஜி டாட் ஐஈ என்கிற அரசுத் தளத்தில் பதிவேட்டுப் பக்கத்தின் படமே இலவசம். பிறப்பு 100 வருஷம், திருமணம் 75, இறப்பு 50 தாண்டியிருக்க வேண்டும். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு பெல்ஃபாஸ்டில் தனிப் பதிவு அலுவலகம், அங்கே பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். திருமணப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள், மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும், ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம்.

பிறப்புத் தேதியை மட்டும் கல்வெட்டாக எடுக்காதீர்கள். டீலியாவின் அரசுப் பதிவில் பிறந்தது 1874 மே 20. கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானம் மே 3. பிறப்பதற்கு பதினேழு நாள் முன்னால் ஞானஸ்நானம்! காலக்கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம், ஆகவே தாமதமாகப் போன அப்பாக்கள் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். இரண்டும் முரண்பட்டால் நான் சாமியார் எழுதியதைத்தான் நம்புவேன், அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை.

நான் வாங்கிய அடி

மேலே சொன்னதையெல்லாம் நான் இந்த வரிசையில் செய்யவில்லை, அதுதான் விஷயம். ஆரம்பத்தில் ஊர் தெரியும் முன்னே, பக்கத்துப் பங்கில் 1875-இல் பிறந்த ஒரு பிரிஜெட் கெல்லியைக் கண்டுபிடித்து, அப்பா பெயரும் ஜான் என்று பொருந்தியதும், குதூகலத்தில் மூன்று வாரம் அந்தக் குடும்பத்தையே மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனேன். சம்பந்தி வீட்டு ஞாயிறு விருந்தில் பெரிய காகிதத்தில் வரைந்து மாட்டியும் விட்டேன். அப்புறம் 1901 சென்சஸைத் திறந்தால் அந்த பிரிஜெட், கல்யாணமாகாமல், அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நம் டீலியாவோ அப்போது பாஸ்டனில். காகிதத்தைக் கழற்றும்போது மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் ஒருவரைக் கண்டதும், இவர்தான் என்று நிரூபிப்பதற்கு முன்னால் இவர் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். குழந்தையிலேயே இறந்துவிட்டாரா என்று இறப்புப் பதிவில் பாருங்கள். அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டதா, 1901-இல் அங்கேயே இருக்கிறாரா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் தப்பி வந்தால் பேசலாம். வம்சாவளித் தளங்களில் மற்றவர்கள் போட்டுவைத்த குடும்ப மரங்களை அப்படியே நகலெடுப்பதும் இதே ஆபத்துதான், ஒருவர் செய்த தப்பை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள், நாற்பது சாட்சி என்று நமக்குத் தோன்றும். டிஎன்ஏ சோதனை உதவும், ஆனால் அது உறவு இருக்கிறது என்று சொல்லுமே தவிர ஊரைச் சொல்லாது, தாள் வேலை எப்படியும் செய்தாக வேண்டும்.

கோயில் பதிவேடு

1864-க்கு முந்தைய கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பங்குக் கோயில் பதிவேடுதான் எல்லாம். அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளை, 3,70,000-க்கும் அதிகமான படங்களாக, இலவசமாக இணையத்தில் போட்டது. ஏறக்குறைய 1880 வரை. அந்தத் தளத்தில் பெயரை அடித்துத் தேட முடியாது. பங்கைத் தேர்ந்து, வருஷம், மாதம் தேர்ந்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் படிக்க வேண்டும். மங்கிய மை, ஈரம் பட்ட ஓரம், அவசரச் சாமியாரின் லத்தீன். பெயர் அட்டவணை வேண்டுமானால் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் இந்தப் பதிவேடுகளுக்கு உண்டு, ரூட்ஸ் அயர்லாந்தில் சந்தா கட்டினால் கவுண்டி கவுண்டியாகப் படியெடுத்தது உண்டு. நான் அட்டவணையில் பிடித்துவிட்டு, படத்தில் போய்ச் சரிபார்த்தேன். அட்டவணை போட்டவர்கள் தப்பாகப் படித்த இடம் நிறைய.

படிக்கும்போது குழந்தை, அப்பா, அம்மா பெயரோடு நிறுத்தாதீர்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். ஞானப் பெற்றோர் பெயர் இருக்கும், அவர்கள் அநேகமாக அத்தையோ மாமாவோதான். பதினோரு பிள்ளைகளின் ஞானப் பெற்றோரையும் ஒரு தாளில் எழுதிவைத்தேன், அதிலிருந்தே ஜானின் இரண்டு தங்கைகள் வெளியே வந்தார்கள். 1870-களின் பதிவுகளில் ஓரத்தில் வேறு மையில் பொடி எழுத்து இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். 1908-க்குப் பிறகு, ஞானஸ்நானம் பெற்றவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தச் செய்தியைப் பிறந்த பங்குக்கு அனுப்பி ஓரத்தில் குறித்தார்கள், பாஸ்டன் என்றோ நியூயார்க் என்றோ அங்கே எழுதியிருக்கலாம்.

திருமணம் தேடும்போது பிப்ரவரியிலிருந்து தொடங்குங்கள். தவக்காலத்தில் கல்யாணம் இல்லை, நமக்கு ஆடி மாதிரி, அதனால் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் ஊர்க் கல்யாணம் எல்லாம் முட்டி மோதி நடக்கும். "42 வருஷம்" என்று 1911 தாள் சொன்னதை வைத்து 1869 பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்தேன், தவக்காலம் 10-ஆம் தேதி தொடங்கிய வருஷம் அது, முதல் வாரத்திலேயே ஜான் நின்றார். ஆனால் அவருடைய பங்கில் அல்ல. கல்யாணம் பெண் வீட்டுப் பங்கில் நடப்பது வழக்கம், முதல் குழந்தைக்கு ஞானஸ்நானமும் பல நேரம் அங்கேயே. மாப்பிள்ளை பங்கில் கிடைக்கவில்லை என்றால் சுற்றியுள்ள பங்குகளைப் புரட்டுங்கள்.

நிலப் பதிவேடு, என் சொந்தப் பேட்டை

ரிச்சர்ட் கிரிஃபித் என்கிற நிலவியலாளர் தலைமையில் 1847 முதல் 1864 வரை தீவு முழுக்க ஒவ்வொரு வீட்டையும் நிலத்தையும் வரிக்காக மதிப்பிட்டார்கள். கிரிஃபித் மதிப்பீடு என்றே பெயர். சென்சஸ் போனதால் அந்தக் காலத்துக்கு இதுதான் ஊர்க்கணக்கு. ஆஸ்க் அபௌட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். குடியிருப்பவர் பெயர், குத்தகைக்கு விட்டவர் பெயர், பரப்பு, மதிப்பு இருக்கும். நம் சிட்டா பார்த்துப் பழகியவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் பிடிபடும். இடப்பக்க எண் வரைபடத்தில் அந்த நிலத்தின் எண், பெரிய எழுத்து அதன் துண்டுகள், சின்ன எழுத்து அதிலுள்ள வீடுகள். குடும்பத்தில் ஒருவர் பெயர்தான் வரும், மனைவி மக்கள் பெயர் வராது.

ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கிரிஃபித் ஆட்கள் அடைப்புக்குறியில் அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ போட்டார்கள். ஜானின் திருமணப் பதிவில் அவருடைய அப்பா மைக்கேல். ஊரிலோ இரண்டு மைக்கேல் கெல்லி: ஒருவர் பக்கத்தில் "சிவப்பு", இன்னொருவர் பக்கத்தில் "ஜான்", அதாவது ஜான் என்பவரின் மகன். தாத்தா பெயர் வைக்கும் வழக்கப்படி ஜானின் மகன் மைக்கேலின் மகன் ஜான் என்றால் நம் ஆள் இரண்டாமவர் என்று தோன்றியது. தோன்றினால் போதுமா? ரத்துப் புத்தகங்கள் என்று உண்டு. கிரிஃபித்துக்குப் பிறகு ஒவ்வொரு கைமாற்றத்தையும் பழைய பெயரை அடித்து, புதுப் பெயரை வேறு வண்ண மையில் எழுதி, வருஷம் குறித்துக்கொண்டே வந்த புத்தகங்கள், நம் பட்டா மாறுதல் மாதிரி. வட அயர்லாந்துக்கு உரியவை பெல்ஃபாஸ்ட் காப்பகத் தளத்தில் இலவசம். மற்ற கவுண்டிகளுக்கு டப்ளினில் இருக்கின்றன, நான் பணம் கட்டி நகல் வரவழைத்தேன். "ஜான்" மைக்கேலின் நிலத்தில் மைக்கேல் பெயர் அடிக்கப்பட்டு ஜான் பெயர் பச்சை மையில், அதே நிலத்தில் 1901-இல் ஜான் குடும்பம். முடிந்தது கதை. கைமாறிய வருஷத்துக்கு முந்தைய சில வருஷங்களில் இறப்புப் பதிவைத் தேடினால் மைக்கேலும் கிடைத்தார். அந்தப் புத்தகத்தில் எல்.ஏ.பி. என்று முத்திரை இருந்தால் குத்தகைக்காரர் நிலச் சட்டத்தின்படி நிலத்தை விலைக்கு வாங்கி உடைமையாளர் ஆகிவிட்டார் என்று பொருள். அந்த முத்திரையைப் பார்த்து எனக்கு ஏனோ கண் கலங்கியது.

கிரிஃபித்துக்கும் முன்னே போக 1823 முதல் 1838 வரையிலான தசமபாகப் புத்தகங்கள் உண்டு, சர்ச் ஆஃப் அயர்லாந்துக்கு விவசாயிகள் கட்ட வேண்டிய வரிக்காக எழுதியவை. நிலமில்லாதவர்களும் நகரத்தாரும் அதில் இல்லை. 1708-இலிருந்து பத்திரப் பதிவு அலுவலகமும் உண்டு, நம் இண்டெக்ஸ் ஒன்று, இரண்டு போலவே ஆள் பெயரில் ஓர் அட்டவணை, இடத்தின் பெயரில் ஓர் அட்டவணை. சொத்து இருந்தவர்களுக்குத்தான் பயன், டீலியா குடும்பம் அங்கே இல்லை. உயிலும் அப்படித்தான். எரிந்த காப்பகத்தைப் பிரதிகளிலிருந்து மீட்டெடுக்கும் வெர்ச்சுவல் ரெக்கார்ட் டிரஷரி 2022-இலிருந்து இலவசமாக இருக்கிறது, அவ்வப்போது போய்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். நாய் வளர்த்தவரா? 1866-இலிருந்து நாய் லைசென்ஸ் பதிவேடுகள் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்டில். நாயின் நிறம் வரை எழுதியிருக்கும். சும்மா ஆசைக்குப் பார்த்தேன், ஜானிடம் ஒரு கறுப்பு நாய் இருந்திருக்கிறது.

மெட்ராஸ் வழியாக வந்தவர்களுக்கு

பெரம்பூர், பரங்கிமலை, பொன்மலை, போத்தனூர் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் அயர்லாந்துப் பெயர் உள்ளவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. 1830 வாக்கில் பிரிட்டிஷ் படையில் பத்துக்கு நாலு பேர் அயர்லாந்துக்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படைதான் பின்னால் ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1881-இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. தொடங்க வேண்டிய இடம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் பதிவுகள். அதில் என்/2 வரிசை மெட்ராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். ஃபிபிஸ் என்கிற சங்கத்தின் தளத்தில் இலவசமாகப் பெயர் தேடலாம். ராணுவப் பிரிவின் பெயர் கிடைத்துவிட்டால், பிரிட்டிஷ் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களின் விடுவிப்புத் தாள்கள் லண்டன் க்யூ காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற வரிசையில் உண்டு. அதில் பிறந்த பாரிஷ், பக்கத்து டவுன், கவுண்டி மூன்றும் எழுதும் வழக்கம். அதாவது ஊர் கிடைத்துவிடும். பிறகு மேலே சொன்ன வழிதான்.

ஐரிஷ் பாஸ்போர்ட் ஆசையில் இதைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தாத்தா அல்லது பாட்டி அந்தத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேர விண்ணப்பிக்கலாம். கொள்ளுப்பாட்டி என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அதில் பதிந்திருக்க வேண்டும். டீலியா சம்பந்திக்குப் பாட்டி, மாப்பிள்ளைக்குக் கொள்ளுப்பாட்டி. சம்பந்திக்கு வழி இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இல்லை. சொன்னபோது முகம் வாடிவிட்டது.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. 1926 ஏப்ரல் 18 அன்று ஐரிஷ் சுதந்திர அரசு எடுத்த முதல் சென்சஸ், நூறு வருஷ விதிப்படி 2026 ஏப்ரலில் திறக்கத் தேதி குறித்தது. வட அயர்லாந்தின் 1926 தாள்கள் மிஞ்சவில்லை, ஆனால் கால்வே இருக்கிறது. இந்த முறை வயதை வருஷமும் மாதமுமாகக் கேட்டிருக்கிறார்கள். ஊரில் தங்கிவிட்ட அந்த நாலு பிள்ளைகளில் இரண்டு பேரைப் பிடித்துவிட்டேன். மூன்று ஜன்னல் வீட்டில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும், எத்தனை வயது சொன்னார்கள் என்றும்.